கிரான்பர்ன் புல்வெளியில் நான் சொன்ன ‘ஓம்’

புல் வெட்டப் போன என்னிடம் புல்லை வெட்டாதே என்று சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மல்கிரேவ் புறநகரில் நான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவருடைய வீடு. முன்பக்கம் வெட்டலாம், பின்பக்கம் வேலியோரத்தில் நான்கடி அகலத்தை மட்டும் தொடக்கூடாது. அங்கே சில்லூறுகள், இரவில் கத்தும் சில்வண்டுகள், முட்டையிட்டிருக்கின்றனவாம். மனுசனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தினேன்.

அவர் பிரெஞ்சுக்காரர், எழுபதைத் தாண்டியவர். வெட்டுக்கிளியையும் சில்லூறையும் தவிர வாழ்க்கையில் வேறெதையும் அவர் ஏறெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பயிரைத் தின்னும் வெட்டுக்கிளிகளை எப்படிக் கொல்வது என்று ஆபிரிக்காவில் சொல்லிக்கொடுத்தே பாதி உத்தியோக காலம் போயிற்று. மீதிக் காலம் இங்கே, அதே பூச்சிகளை ஊசியில் குத்தி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பதில் போயிற்று. மனைவி எப்போதோ பிரிந்துவிட்டார். மகள் பிரான்சில். வீடு முழுவதும் கண்ணாடி மூடிய பெட்டிகள். “சேருக்கு வீடு நிறைய ஆக்கள், எனக்குத்தான் ஒருத்தரும் இல்லை” என்று ஒருநாள் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பி குடிக்கிறீரா என்று கேட்டார்.

அன்றிலிருந்து புதன்கிழமைகளில் புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனேன். நாங்கள் பேசியது ஆளுக்கொரு விதமாக உடைந்த ஆங்கிலம். இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிக விசா. மனைவியைக் கூப்பிட முடியாது, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் முடியாது. அவள் வவுனியாவில். ஞாயிறு மத்தியானங்களில் போனில் பேசுவோம். அவள்தான் முதலில் கேட்பாள்.

“சாப்பிட்டனீங்களோ?”

“ஓம்.”

“ஆரும் கூட இருக்கினமோ?”

“ஓம், இருக்கினம்.”

பதினொரு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நானும் அவளிடம் அதையே திருப்பிக் கேட்பேன். உண்மையில் என் அறையில் என்னோடு இருந்தவை உட்கார ஒரு கதிரையும் ரைஸ் குக்கரும்தான்.

அந்தக் கோடையில் அவர் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போவதாக முடிவாயிற்று. போவதற்குள் எழுதி முடிக்க ஒரு கட்டுரை இருந்தது. அவர் இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில் கிரான்பர்ன் பக்கத்துப் புல்வெளி ஒன்றில் சின்ன வெட்டுக்கிளி ஒன்றைக் கண்டாராம். பின்னங்காலைச் சிறகில் உரசி அது எழுப்பும் ஒலி இரண்டு குறில், ஒரு நெடில். அதற்குப் பிறகு யாரும் அதைக் காணவில்லை. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதில் ஒரு சங்கடம், அவருக்குக் காது போய்விட்டது. மனிதர் பேசுவது கேட்கும். பூச்சியின் மெல்லிய குரல் கேட்காது. ஆயுள் முழுக்க எதைக் கேட்டுப் பிழைத்தாரோ அதுவே முதலில் போயிற்று.

“நீர் எனக்குக் காதாக வாறீரோ?” என்று கேட்டார்.

போனேன். நல்ல வெயில். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் புதிதாகக் கூரை ஏறும் வீடுகள். அவர் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புல்லுக்குள் குந்தியிருந்தேன். காற்றும் லொறியும் கேட்டன. நாலைந்து விதமான கிறீச்சும் கேட்டது. எது எதனுடையது என்று எனக்கென்ன தெரியும்?

“கேக்குதோ?”

அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

“ஓம் சேர், கேக்குது,” என்றேன். அதோடு விட்டேனா? முழங்காலில் விரலால் தட்டியும் காட்டினேன். இரண்டு குறில், ஒரு நெடில். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு கொப்பியில் இடம், நேரம், வெயில், கேட்டவர் பெயர் என்று ஒவ்வொன்றாக எழுதினார். திரும்பும் வழியெல்லாம் காரில் ஏதோ பிரெஞ்சுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த புதன் போனபோது, பதிவில் அந்த ஒலி இல்லை என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அவரோ கருவியைத்தான் திட்டினார். “இது பழசு. உம்மட காதை நான் நம்பிறன்.” கட்டுரையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் என் பெயர் அச்செழுத்தில் இருந்தது. இந்த நாட்டில் விசா மறுப்புக் கடிதத்தில் அல்லாமல் வேறெதிலும் என் பெயரை அப்படி நான் பார்த்ததில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொன்னால் எனக்கென்று திறக்கும் ஒரே கதவும் மூடிக்கொள்ளும். ஆனால் அவர் ஆயுளில் பொய்யாக ஒரு வரி எழுதாதவர், கடைசி வரி என்னுடைய பொய்யாக இருக்கப் போகிறது. சொல்லிவிட்டேன்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டார்.

விசா விசாரணையில் நான் மூன்று முறை ‘ஞாபகம் இல்லை’ என்று சொன்னதையும், அந்த மூன்றையுமே எனக்கு எதிராக எழுதியதையும் சொன்னேன். அதற்குப் பிறகு, பெரிய மனிதர் ஒருவர் கொப்பியும் பேனையுமாகக் கேள்வி கேட்டால் என் வாயில் ‘தெரியாது’ வராது. அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று முகத்தைப் பார்த்து, அதையே கொடுத்துவிடுவேன்.

“நீர் வீட்டை போம்,” என்றார்.

பத்து நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் அவரே வந்து என் கதவைத் தட்டினார். கையில் தொப்பி. மறுபடியும் கிரான்பர்ன் போனோம். புல்லில் நிற்பதற்கு முன் கொப்பியைத் திறந்து பழைய வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அழிக்கவில்லை. அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும், அதுதான் ஆராய்ச்சிக்காரர்களுடைய தொழில் வழக்கம்.

“கேக்குதோ?”

“இல்லை, சேர்.”

எழுதினார். நூறடி தள்ளிப் போய் மறுபடி கேட்டார். அங்கே ஏதோ ஒன்று விட்டுவிட்டு ஒலித்தது. அதுவாகவும் இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம்.

“தெரியேல்லை, சேர்.”

அவர் நிமிர்ந்து பார்க்காமல், முன்பு எழுதிய அதே கையெழுத்தில், அதையும் எழுதிக்கொண்டார். கீழே என் பெயரைப் போட்டார். நான் காருக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன்.

இங்கே கோடை முடியும் மார்ச் மாதத்தில் அவர் போய்விட்டார். கட்டுரையில் அந்தப் பூச்சியைப் பற்றி ‘உறுதியாகக் கேட்கவில்லை’ என்றே முடித்திருந்தார். வீட்டை வாங்கியவர்கள் வேலியோரத்தையும் சேர்த்து வெட்டச் சொன்னார்கள். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு மனைவி வழக்கம்போலக் கேட்டாள்.

“சாப்பிட்டனீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“ஆரும் கூட இருக்கினமோ?”

“இல்லை. ஒருத்தரும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.”

அவள் சொன்னாள்: “நீங்கள் கேக்கேக்கை நானும் ஓம் ஓம் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தனான். இஞ்சையும் ஒருத்தரும் இல்லை.”