அம்மா பேசிய மூன்று நிமிடம்

பண்டாரவளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் மவுசைப் பிடித்துப் பத்துத் தடவை அழுத்திச் செய்கிற வேலையைக் கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டி முடிப்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. போன ஐப்பசி மழையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் நிலம் பிளவு விட்டது. எந்தெந்தக் குடும்பங்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுவது என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் நடந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆட்கள் பேசுவதைப் பதிந்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதுளையில் தமிழ் தெரிந்த லிகிதர் கேட்டு எழுதுவார், அதை வைத்துப் பட்டியல் போடுகிறோம் என்று சொன்னார். பதியும் வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானேதான் முந்திக்கொண்டு போனை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

எல்லோரும் பேசி முடித்த பிறகு அம்மா எழுந்தார். அப்பா இறந்ததிலிருந்து லயத்தின் தொங்கல் வீட்டில், அதாவது சரிவை ஒட்டிய கடைசி வீட்டில், தனியாக இருக்கிறார். வெளியாட்கள் முன்னால் அவருக்குக் குரலே எழும்பாது. அன்றைக்கும் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டுதான் பேசினார். அடுப்படியில் தண்ணீர் ஊறுவதையும், முன்பு தெளிவாக வந்தது இப்போது சேறாக வருவதையும், பின்சுவர் வெடிப்பில் கையை நுழைக்க முடிவதையும் சொன்னார். மூன்று நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரம் அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

போனில் பதிந்தது ஒன்றரை மணி நேரம், ஐந்நூறு எம்பிக்குக் கிட்ட. மின்னஞ்சலில் போகாது. ஒரு பென்டிரைவில் போட்டுப் பதுளை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கலாம். எனக்கு அது கேவலமாகப் பட்டது. மறுநாள் கடையில் கறுப்புத் திரையைத் திறந்து, சுருக்குவதற்கான கட்டளையை எழுதினேன். ஒற்றை ஒலித் தடம், பேச்சுக்குப் போதுமான தரம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மௌனமான இடங்களை வெட்டிவிட்டால் இன்னும் சிறிதாகும் என்று அதற்கும் ஒரு வசதியைச் சேர்த்தேன். எவ்வளவுக்குக் கீழே இருக்கும் சத்தத்தை மௌனமாக எடுத்துக்கொள்வது என்று அதில் ஓர் எண் கொடுக்க வேண்டும். தகரக் கூரையில் தூறல் விழுந்த சத்தமும் மௌனத்தில் சேரட்டும் என்று அந்த எண்ணை ஏற்றிக் கொடுத்தேன்.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பத்து எம்பி. ஒன்றரை மணி நேரம் எழுபத்தைந்து நிமிடமாகக் குறைந்திருந்தது. நம் ஆட்கள் இவ்வளவு நேரமா வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். முதல் இரண்டு நிமிடம் கேட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அனுப்பிவிட்டேன். போனில் இடமில்லை என்று மூலப் பதிவைக் கையோடு அழித்தேன். கடைக் கம்ப்யூட்டரிலும் அழித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. அம்மாவின் பெயர் இல்லை. பக்கத்து வீடு இருந்தது, அதற்கடுத்த வீடும் இருந்தது. கூட்டத்தை நடத்திய தோட்டச் சங்கத் தலைவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீ அனுப்புனத கேட்டுத்தானே அவுங்க எழுதியிருக்காங்க?" என்றார்.

கடைக்கு வந்து, அனுப்பிய கோப்பைத் திறந்து காதில் மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டேன். கடைசிப் பகுதியில் தலைவரின் குரல், "வேற யாராச்சும் பேசுறதுக்கு இருக்கீங்களா?" என்று கேட்டது. அடுத்த நொடியே அதே குரல், "சரி, அப்ப முடிச்சிக்குவோம்" என்றது. நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. நான் ஏற்றிக் கொடுத்த எண் தூறலோடு அம்மாவின் தாழ்ந்த குரலையும் மௌனமாக எடுத்து வெட்டியிருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மா எழுந்திருக்கவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்வார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது, ஏனென்றால் வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் சாக்கை விரித்து அதன்மேல் நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சாக்கு நனைந்திருந்தது.

"அம்மா, நீங்க பேசுனது அந்தப் பதிவுல இல்ல. நான்தான் வெட்டிட்டேன். தெரியாம வெட்டிட்டேன்" என்றேன்.

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"அப்ப நான் பேசுனது சரிதானா?" என்று கேட்டார். "நான்தான் ஒழுங்கா பேசலயோன்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன் புள்ள."

திட்டியிருந்தால் தேவலை. நான் அழுதேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "போன எடு. இப்ப சத்தமா சொல்றேன்" என்றார். சொன்னார். அடுப்படித் தண்ணீரை, சேற்றை, சுவர் வெடிப்பை, ஒவ்வொன்றாகத் தொண்டை கம்மக் கம்மக் கத்திச் சொன்னார். யாரோடு சண்டை என்று பார்க்கப் பக்கத்து வீட்டு அக்கா வாசலை ஒட்டிய இஸ்தோப்புக்கே வந்துவிட்டார்.

அந்தப் பதிவை நான் சுருக்கவில்லை. பென்டிரைவில் போட்டு, நானே பதுளைக்குக் கொண்டுபோய், மனுவோடு கையில் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் இல்லை. அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொன்னால், அடுத்த பட்டியலுக்குப் பார்க்க வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்கிறார். வெட்டுவது பற்றி அவரிடம் வாதாட எனக்கு வாயில்லை.

மழை பிடித்தால் உடனே அம்மாவுக்குப் போன் எடுக்கிறேன். இப்போதெல்லாம் அம்மா போனில் கத்தித்தான் பேசுகிறார். "மெதுவா பேசுங்கம்மா, கேக்குது" என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் நம்புவதில்லை.