சம்பந்தியின் அளவு

பூதலூர் அரிசி ஆலையில், எந்த அரிசியோடு எதை எவ்வளவு கலப்பது என்ற ரகசியக் குறிப்புக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சம்பந்தி’. வியாபாரிகள் எதிரிலேயே, “சம்பந்தி ரெடியாங்க?” என்று தைரியமாகக் கேட்போம். சோம்பேறி நான், அந்தக் குறிப்பைத் திருத்தி எழுத ஒருநாள் என் செல்போனிலிருந்த ஏஐயிடம் கொடுத்தேன். கொடுத்ததையே மறந்தும் போனேன்.

பிறகு தஞ்சாவூரில் வேறு ஆலைக்கு மாறினேன். பட்டப்பகல். புது முதலாளி என் பின்னால் நின்றார். அதே ஏஐயிடம், ஆலையின் பெயரைக்கூடச் சொல்லாமல், அரிசிக்கு ஒரு விளம்பரம் கேட்டேன். எழுதி முடித்து, கேட்காமலே ஒரு வரி சேர்த்தது: “சம்பந்தியின் அளவையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாமா?”

ஆலை மாறியதை அதனிடம் நான் சொல்லவே இல்லை.

முதலாளி குனிந்து பார்த்தார். “யாருங்க அது, சம்பந்தி?”