ஆனந்தவள்ளி கட்டிய பேனர்

எங்கள் மார்க்கெட்டில் தரை வாடகையைப் பேரூராட்சி ஆபீஸ் நினைத்த மாத்திரத்தில் ஏற்றிவிட முடியாது. முன்கூட்டியே மார்க்கெட் வாசலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஒரு நாள் குறித்துக் கூட்டம் போட்டு ஜனங்களைக் கேட்க வேண்டும். ஆனால் யார் போகிறார்கள்? என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாட்டையே ஆளுகிற சூரப்புலிகள் அன்றைக்கு மட்டும் காணாமல் போய்விடுவார்கள். போகிற ஒரே ஆள் கீரைக்கார ஆனந்தவள்ளி.

புருஷன் போன பிறகு கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக அலைந்தவள் அவள். முழங்கால் தேய்ந்த பிறகுதான் மார்க்கெட் வாசலுக்குள் ஒரு சாக்கு விரிக்க இடம் பிடித்தாள். வாடகை ஏறினால் கட்டுப்படியாகாது, மறுபடியும் தெருதான். அதனால் கூட்டம் என்றால் வியாபாரத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள், எழுந்து நின்று கத்துவாள். போன தடவை வாடகை ஏறாமல் நின்றது அந்தக் கத்தலில்தான். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னவன் கிடையாது.

இந்த வருஷம் பூச்சொரிதல் திருவிழா வந்தது. சமயபுரம் போகிற பக்தர்களை வரவேற்று வியாபாரிகள் சேர்ந்து பேனர் அடித்தோம். கைகூப்பிய முகங்களில் ஆனந்தவள்ளியும் ஒருத்தி. ஆயுசில் முதல் பேனர், பூரித்துப் போனாள் பாவம். நானும் அவளும் கட்டப் போனபோது ஆபீஸ் பையன் சுரேஷ்குமார் வாசலில் ஏணி போட்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தான். கணக்கு வருஷக் கடைசி, வரி பாக்கி நோட்டீஸாக இருக்கும் என்று நினைத்தோம்.

"தம்பி, ஒட்டிட்டு ஏணியைக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க. ஆத்தாளுக்குப் பேனர் கட்டணும்."

"எடுத்துக்கங்கக்கா," என்று இறங்கியவன், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனான். பேனர் மாட்டும் கொக்கி இருந்ததே அந்த இடத்தில்தான். நோட்டீஸின் மேலேயே பேனர் ஏறியது.

பூச்சொரிதல் முடிகிறவரை பேனரை அவிழ்ப்பது எங்களுக்கு வழக்கமில்லை. வாரக்கணக்கில் கிடந்தது. அவிழ்த்த அன்றுதான் அடியில் இருந்ததைப் படித்தோம். தரை வாடகை. கூட்டத்துக்குக் குறித்த நாள் எப்போதோ போய்விட்டது. அவளை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"யாரும் வரலம்மா. ஆட்சேபணை இல்லைன்னு தீர்மானம் போட்டாச்சு," என்றார் அதிகாரி.

"நோட்டீஸை நாங்க பாக்கவே இல்லைங்களே!"

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சுவரில் நோட்டீஸ் பளிச்சென்று இருந்தது. அதன் கீழே ஏணியைப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஆனந்தவள்ளி.

"நீங்களேதானம்மா பக்கத்துல நிக்கிறீங்க?"

அந்த ஆளைத் திட்டலாம் என்றால் திட்ட என்ன இருக்கிறது? கட்டியது நாங்கள். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கண்ணே, போவோம்."

வெளியே படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் வேணாம் வேணாம்னு கத்துனேன். ஒருத்தரும் போட்டோ புடிக்கல. ஒரே ஒரு நாள் சிரிச்சேண்ணே..."

மறுநாள் காலையில் கூடையைத் தலைக்கு ஏற்ற நான்தான் கை கொடுத்தேன். கீரை வாடாமல் இருக்க அந்தப் பேனரைத்தான் மடித்துப் போட்டிருந்தாள். முதல் தெரு திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள்.