பூசணிக்காய் உடைத்த நாள்

எங்கள் கடலூர் தெருவில் சுப்பராயலுவுக்கு ‘சினிமாக்காரர்’ என்று பெயர். நடிகர் இல்லை, சிதம்பரம் பக்கம் ஷூட்டிங் நடந்தால் எடுபிடி வேலைக்குப் போவார். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு நமக்குத்தான் காது வலிக்கும். இப்போது மனுசர் வாயே திறப்பதில்லை. வீட்டில் கற்பூரம் ஏற்றினால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

போன வருஷம் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தோப்பில் ஒரு படத்தின் கடைசி நாள் ஷூட்டிங். மங்கலம் என்ற யானையோடு பாகன் திருநாவுக்கரசு வந்திருந்தார். படம் முடிந்தால் பூசணிக்காய் உடைத்துத்தான் கலைவார்கள். அதைச் சுற்றி உடைக்கிற வேலை சுப்பராயலுவுக்கு.

“யானைய லாரியில ஏத்திடுறேன் மச்சான், அப்புறம் உடைங்க” என்றார் திருநாவுக்கரசு.

“ராகுகாலம் வந்துடும்யா” என்று ஷூட்டிங் மேனேஜர் விரட்டினார். சுப்பராயலுவும் பூசணிக்காய் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, யானை பக்கத்தில் நிற்கும்போதே கேமராவுக்கு முன்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

மங்கலத்துக்குக் கற்பூரமா தெரியும்? தினமும் பாகன் கையால் வாங்கித் தின்கிற பூசணிக்காய்தான் தெரிந்தது. ஆசையாகத் தும்பிக்கையை நீட்டியது. நெருப்பு சுட்டதும் பிளிறிக்கொண்டு திரும்பியது. பக்கத்தில் நின்ற திருநாவுக்கரசு அதன் காலடியில் விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது.

“பாகன் குடிச்சிருந்தான்னு சொல்லிடு. இல்லன்னா கேஸ் உம்மேலதான்” என்றார் மேனேஜர். பாவி மனுசர் பயந்துபோய் போலீசிடம் அப்படியே சொல்லிவிட்டார்.

அந்தப் பிளிறல் அவரை விடவில்லை. பஸ் ஹாரன் அடித்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். யாரோ ‘மச்சான்’ என்று கூப்பிட்டதாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

போன வாரம் பாகனின் மனைவி மலர்க்கொடி அவரைத் தேடி வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“ஒன்னே ஒன்னு சொல்லுங்கண்ணே. அன்னிக்கி அவுரு குடிச்சிருந்தாரா?”

ஆமாம் என்றால் சுப்பராயலு தப்பித்திருக்கலாம்.

“இல்லம்மா” என்றார். “நெருப்ப யானை மூஞ்சிக்கி நேரா காட்டுனது நாந்தான். பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை.

“குடிய வுட்டுட்டேன்னு மவன் தலையில அடிச்சி சத்தியம் பண்ணியிருந்தாரு. பொய்ச் சத்தியம் பண்ணிட்டு செத்தாருன்னு எம் மவன் கொள்ளி வைக்க வரல. கொழுந்தனார்தான் வெச்சாரு.”

சுப்பராயலு சட்டையை மாட்டினார். “நானே வந்து அவங்கிட்ட சொல்றேம்மா. போலீஸ்லயும் சொல்றேன்.”

“சொல்லுங்க” என்றாள் மலர்க்கொடி. “இனிமே அவன் எந்த ஒடம்புக்குண்ணே கொள்ளி வைப்பான்?”