மார்பில் தட்டுப்பட்ட கட்டி

இடுப்புக் கொழுப்பை எடுத்து மார்பில் வைக்கும் அழகு சிகிச்சையை ஆசைப்பட்டுச் செய்துகொண்டேன். சில மாதங்களில் ஒரு பக்கம் சிவந்து, கட்டி தட்டுப்பட்டது. புற்றுநோய்தான், என் ஆசைக்குத் தண்டனை என்று பயந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் நான் புடவை மாற்றும்போது, வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, இத்த வச்சிக்கினு சும்மாவா கீறே?"

மறுநாளே உத்திரமேரூரில் பஸ் ஏற்றிக் காஞ்சிபுரம் கூட்டிப்போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை என் வீட்டிலேயே தங்கி, எனக்குச் சமைத்துப் போட்டாள்.

"புற்றுநோய் இல்லம்மா. வச்ச கொழுப்புல கொஞ்சம் செத்துப்போய் வீங்கியிருக்கு. மெல்லக் குறையும்" என்றார் டாக்டர், ஒரு வாரம் கழித்து முடிவு கேட்கப் போனபோது.

வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா எனக்குச் சோறே எறங்கல அண்ணி."

எதிரே இருந்த ஓட்டலில் இருவரும் வயிறாரப் பூரி சாப்பிட்டோம்.