தமிழ்ப் பேப்பர் உறை

தொண்ணூறுகளில், லண்டன் ஆஸ்பத்திரியொன்றின் சலவையறையில் என்னோடு வேலை செய்த ஜமேக்காப் பெண்ணுக்கு வீட்டில் சுட்ட ரொட்டி கொடுத்துவிடுவேன். ஒருநாள் அவள் எனக்கொரு நாவல் தந்தாள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் கறுப்பினப் பெண்ணொருத்தியின் கதை. அட்டையில் அந்தக் கதாநாயகியின் முகம்.

"உந்தக் கறுப்பியளின்ரை கதை உனக்கென்னத்துக்கு?" என்றார் மாமி.

நான் தமிழ்ப் பேப்பரால் உறை போட்டு, அகராதியோடு இரண்டு மாதம் வாசித்தேன். பல இடங்களில் அது என் கதையாகவே இருந்தது.

உறையோடு திருப்பிக் கொடுத்தேன். "அழுக்காகாமல் இருக்கவா?" என்று கேட்டாள். 'ஓம்' என்றால் முடிந்திருக்கும்.

"இல்லை. மாமி படத்தைப் பார்க்கக்கூடாதென்று."

எப்போதும் நாங்கள் இருவராகப் பிடித்து மடிக்கும் விரிப்புகளை அவள் தனியாகவே மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டு முடிந்த பிறகு, "என் அம்மாவும் அப்படித்தான். உன் ரொட்டியைக் கடையில் வாங்கியதென்றே அவரிடம் சொல்கிறேன்," என்று விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.