சமையல்கட்டுச் சுவர்

பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி வைத்து நூறு பீஸை ஒரே மூச்சில் வெட்டிவிடுவேன். மனைவி காய்ச்சலில் போய்விட்ட பிறகு, நாலு சின்ன வெங்காயம் நறுக்குவதற்குள் இரண்டு விரலில் பிளாஸ்திரி. எட்டு வயது மகள் தட்டை ஒரு பார்வை பார்ப்பாள், தள்ளிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதை நானே தின்ன மாட்டேன்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் குண்டடத்திலிருந்து மச்சான் வந்தார், மனைவியின் அண்ணன். சுற்றி வளைக்காமல் சொன்னார்: “புள்ள எளைச்சுப் போயிட்டாளுங்க மாப்ள. ஒரு மாசம் பாக்கறேன். இப்படியே இருந்தா எங்க தோட்டத்து வீட்டுக்குக் கூட்டீட்டுப் போயிருவேன்.” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

நல்லூரில் எங்கள் சமையல்கட்டுக்கும் பக்கத்து நிட்டிங் யூனிட்டுக்கும் ஒரே சுவர். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடியும்வரை மிஷின் இரைச்சலில் குக்கர் விசில் காதில் விழாது. அதனால் ஒருநாள் அரைவேக்காடு, மறுநாள் கருகல். அப்படியிருக்க, ஒரு காலையில் அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். ஆவி வரும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றது. மூன்று விசில் எண்ணி இறக்கினேன். மிஷின் மறுபடி ஓடியது. மகள் அன்று பாதித் தட்டு சாப்பிட்டாள். மறுநாளும் அதே நேரத்தில் நின்றது. அதற்கு அடுத்த நாளும்.

நன்றி சொல்லலாம் என்று மிஷின் ஆபரேட்டரைப் பேக்கரியில் பிடித்தேன். தென்மாவட்டத்துக்காரர்.

“இதுக்கு எதுக்குண்ணே நன்றி? அக்கா இருந்தப்பவே இப்படித்தானே. விசில் எண்ணணும்னு கரண்டியால சுவத்துல மூணு தட்டு தட்டுவாக. நான் அங்கிட்டு அதே சுவத்துல சாஞ்சுதான் உக்காந்திருப்பேன், தட்டுனா முதுகுல தெரியும். நூல் மாத்துற சாக்குல நிப்பாட்டிருவேன். இப்ப நீங்க தட்டுறீக, நிப்பாட்டுறேன்.”

இப்படி ஓர் ஏற்பாடு இருந்ததே எனக்குத் தெரியாது. பத்து வருடம் உட்கார்ந்து தின்றவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாளும் சுவரைத் தட்டியதில்லை. கையிலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் மகளைச் சமையல்கட்டு வாசலில் உட்காரவைத்துத் தலை பின்னினேன். கரண்டி மேடைமேல் என் கண்ணெதிரே கிடந்தது. குக்கரில் ஆவி வந்தது. சுவர்ப்பக்கம் ஒருவரும் இல்லை. மிஷின் நின்றது. ஓடிவிடத்தான் தோன்றியது, ஆனால் பருப்பு குழைந்துவிடுமே என்று நின்று விசிலை எண்ணினேன். பயந்துகொண்டேதான் தினமும் சமைத்தேன். ரசம் ரசமாக வந்தது, வெங்காயம் பொடிப்பொடியாக விழுந்தது, மகளின் கன்னத்தில் சதை பிடித்தது.

சொன்ன கெடு முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மகளின் துணிமணிக்கு ஒரு பையும் கையோடு கொண்டுவந்திருந்தார். யூனிட் விடுமுறை, தெருவே ஓய்ந்து கிடந்தது. இருவருக்கும் பரிமாறிவிட்டு, பத்தாதோ என்று மறுபடியும் குக்கர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சமையல்கட்டில் டக், டக், டக் என்று கேட்டது.

சோறு பிசைந்த மச்சானின் கை நின்றது. “ஆருங்க மாப்ள தட்டறது? கம்பெனி பூட்டிக் கெடக்குதுங்களே?”

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அம்மாங்க மாமா. குக்கர் வெச்சா தட்டுமுங்க.”

மச்சான் எழுந்துபோய்ச் சுவரில் இடது உள்ளங்கையை வைத்தார். விசில் மூன்றும் அடித்து ஓயும்வரை எடுக்கவில்லை. திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“கூடப் பொறந்தவ இங்கிருக்கறப்ப புள்ளைய நான் எங்கீங்க கூட்டீட்டுப் போறது?” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

உடம்புக்கு முடியாவிட்டாலும், ஷிப்மென்ட் அவசரமானாலும், அதற்குப் பிறகு நான் அடுப்பு மூட்டாத நாள் இல்லை. நான் சமைக்காவிட்டால் அவள் எதற்காகத் தட்டுவாள்?